திரும்பி வருகிறவர்தான் வாடிக்கையாளர்

ஒருவரை முதல் தடவை கடைக்குள் கொண்டுவருவதற்கு நாம் நிறையவே செலவு செய்கிறோம். பெயர்ப்பலகை, மின்விளக்கு, துண்டுப்பிரசுரம், பெருநாள் கழிவு, இப்போது பேஸ்புக் விளம்பரம் என்று அந்தச் செலவுக்கு முடிவே இல்லை. அதே ஆளை இரண்டாம் தடவை கொண்டுவர என்ன செலவு செய்கிறீர்கள் என்று கேட்டால் அநேகமான வர்த்தகர்களிடம் பதில் கிடையாது. அது தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். அது தானாக நடப்பதில்லை என்பதை இந்த வாரம் ஓர் இத்தாலிய உணவகத்தை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வட இத்தாலியில் வெனிஸுக்கு மேற்கே விசென்சா என்றொரு நகரம் இருக்கிறது. தங்க நகைத் தொழிலுக்குப் பேர்போன இடம். 1954ஆம் ஆண்டு தொடங்கிய நகைக் கண்காட்சி அங்கே இன்றும் ஜனவரியிலும் செப்டெம்பரிலும் நடக்கிறது. இரத்தினக்கல் வியாபாரத்தில் உள்ள நம்மவர்கள் சிலருக்கு அந்த ஊர் பழக்கமானது. அவர்களோடு நானும் சில தடவைகள் போயிருக்கிறேன்.

முதல் தடவை அங்குள்ள நகைக்காரர் ஒருவர் எங்கள் நால்வரையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். இத்தாலியர்கள் 'திராத்தோரியா' என்று சொல்லும் வகையைச் சேர்ந்த, ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்தும் பழைய சாப்பாட்டுக் கடை. பளபளப்பு ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து மேசைகள், வெள்ளைத் துணி, சுவரில் பாட்டனாரின் படம். நாங்கள் முஸ்லிம்கள், பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்தது எதுவும் வேண்டாம் என்று நண்பர் பரிமாறுபவரிடம் சொன்னார். அறுபதை நெருங்கிய மனிதர். தலையை ஆட்டிவிட்டுப் போகாமல் குசினிக்குள் போய் விசாரித்து வந்து, இன்ன இன்னவை உங்களுக்குச் சரிவரும் என்றார். மெனுவில் விலை கூடிய ஒரு சாப்பாட்டைக் காட்டி, இதன் சாற்றில் வைன் சேர்கிறது, இதை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கடைசியில் நாங்கள் சாப்பிட்டது 'பக்கலா' என்ற அந்த ஊரின் பிரசித்தமான கருவாட்டுக் கறி. நோர்வேயிலிருந்து வரும் காய்ந்த மீனை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, வெங்காயம், பால், ஒலிவ் எண்ணெய் சேர்த்து நாலைந்து மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் வேகவைத்து, சோளமாக் களியோடு தருவார்கள். இந்த மீன் வியாபாரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1431ஆம் ஆண்டு பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கியது. தப்பிய சிலர் 1432 ஜனவரியில் நோர்வேயின் வடக்கே ஒரு தீவில் கரையொதுங்கி, அங்குள்ள மீனவர் வீடுகளில் சில மாதங்கள் பராமரிக்கப்பட்டார்கள். காய்ந்த மீனின் அருமையை அந்த வணிகர்தான் ஊருக்குக் கொண்டுவந்தார் என்று அந்தப் பிரதேசத்து மக்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். சரக்கையெல்லாம் இழந்தவரை நன்றாகக் கவனித்த ஒரு கரைக்கு, அந்த நல்ல பெயர் ஆறு நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது.

நான் சொல்லவந்தது இரண்டாவது தடவையைப் பற்றி. இரண்டு வருடம் கழித்து அதே கடைக்கு நாங்களாகவே போனோம். அங்கெல்லாம் மேசையில் வைன் கிளாஸ்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார்கள். அதே பெரியவர் எங்களை வாசலில் கண்டதும் புன்னகைத்தார். நாங்கள் உட்காருவதற்கு முன்னரே போய் அந்தக் கிளாஸ்களை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கிளாஸ்களை வைத்தார். எங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. தேவை ஞாபகம் இருந்தது. மது பரிமாறும் இடத்தில் அமர்வது பற்றிய மார்க்கத் தீர்ப்பை வாசகர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் இங்கே பேசுவது வியாபாரத்தைப் பற்றி. மதம், மொழி, நாடு எதிலும் சம்பந்தமில்லாத நாலு பேர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த மனிதர் அப்படி நடந்துகொண்டார்.

2023 செப்டெம்பரில் மறுபடி போனபோது பெரியவர் ஓய்வுபெற்றுவிட்டிருந்தார். அவரிடம் வேலை பழகிய இளைஞர் ஒருவர் இருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அவரும் குசினிக்குள் போய் விசாரித்து வந்தார், அவரும் கிளாஸ்களை எடுத்தார். அது ஒரு மனிதரின் நல்ல சுபாவம் மட்டுமல்ல, கடையின் வழக்கம் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆள் நின்றால்தான் பழக்கம் நிற்கும்

பெரியவர் அங்கே எத்தனை வருடம் வேலை செய்தார் என்று முதலாளியிடம் கேட்டேன். முப்பத்தொரு வருடம் என்றார். எப்படி நிறுத்தி வைத்தீர்கள் என்றதற்கு அவர் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் தவறியதில்லை, கடை திறக்குமுன் எல்லோரும் ஒரே மேசையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம் என்றார்.

சட்டமும் ஒரு பக்கத்தில் துணை நிற்கிறது. இத்தாலியில் தொழிலாளிக்கு டிசெம்பரில் 13ஆவது மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். உணவகத் துறையின் ஒப்பந்தப்படி வருட நடுவில் 14ஆவது சம்பளமும் உண்டு. வேலையை விட்டுப் போகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் கணக்காகிக் கையில் கிடைக்கும். ஒரே ஒரு தொழிலாளி உள்ள கடைக்கும் இது பொருந்தும்.

இத்தாலி முழுவதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பதிவில்லாமல் ஆட்களை வைத்து வேலை வாங்கும் கடைகள் அங்கேயும் உண்டு. மிலானிலும் நேப்பிள்ஸிலும் வேலை செய்யும் நம் நாட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வாடிக்கையாளரை உரிப்பவர்களும் உண்டு. 2018ஆம் ஆண்டு வெனிஸில் ஒரு கடை நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்ட விவகாரம் உலகமெல்லாம் செய்தியாகியது. உல்லாசப் பயணி இனித் திரும்பி வரமாட்டான் என்ற நினைப்பில் நடக்கும் வியாபாரம் அது. அதே வெனிஸில் 1720ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'ஃப்ளோரியன்' என்ற கோப்பிக் கடை இன்றும் இருக்கிறது. அங்கே விலை மிக அதிகம். ஆனால் அந்த விலை அட்டையில் அச்சிட்டிருக்கிறது, உட்காருமுன் எவரும் வாசித்துப் பார்க்கலாம். நான் சொன்ன விசென்சாக் கடையிலும் மேசைக் கட்டணமாக ஆளுக்கு இத்தனை யூரோ என்று மெனுவிலேயே போட்டிருப்பார்கள். பில் வரும்போது யாரும் திடுக்கிட வேண்டியதில்லை.

நம் கடைகளில் நடப்பது

இனி நம் பக்கம் வருவோம். 'பொடியன்மார் நிற்கிறார்களில்லை' என்பது புறக்கோட்டையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லா முதலாளிமாரும் சொல்லும் முறைப்பாடு. ஆறு மாதத்துக்கு ஒரு முகம் மாறுகிறது. பழைய வாடிக்கையாளர் வந்தால் அவரை அடையாளம் காண கடையில் ஆள் இல்லை. உள்ளே வந்தவர் நாலு துணியை விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்தால் பொடியனின் முகம் கோணிப் போகிறது. நேற்று வாங்கியதன் அளவு பிழை என்று மாற்றித் தரக் கேட்டு வந்தால், விற்ற பொருள் மாற்றித் தரப்படமாட்டாது என்ற பலகையைக் கை காட்டுகிறார்கள்.

குறையைப் பொடியன் தலையில் போடுவது இலேசு. ஆனால் அவனை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசுகிறோம். பகல் சாப்பாட்டை மாடிப்படியில் குந்திக்கொண்டு பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறோம். சம்பளத்தைப் பத்தாம் திகதி என்று சொல்லி இருபதாம் திகதி இரண்டு தவணையில் கொடுக்கிறோம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழி தெரியாத முதலாளி நம்மில் யாரும் இல்லை. காலையிலிருந்து ஏச்சு வாங்கியவன் கவுண்டரில் நின்று வாடிக்கையாளரைப் பார்த்து எந்த முகத்தோடு சிரிப்பான்?

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். நம் சிறு கடைகளில் எத்தனை இதைக் கட்டுகின்றன என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். அங்கும் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்தான். நாலைந்து பேர் வேலை செய்யும் கடையில் இருபது வருடம் உழைத்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைச் சட்டம் தடுக்காது. முதலாளியின் ஈமான்தான் தடுக்க வேண்டும்.

'வியாபாரம் இருக்கும் நிலையில் இதெல்லாம் முடியுமா? 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகியது, கடை வாடகை ஏறியது' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேல்ஸ்மனுக்கு மாதம் 50,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிதிகளுக்கும் முதலாளி கட்டும் 15 வீதம் 7,500 ரூபா. நூற்றுக்கு இருபது இலாபம் வைக்கும் கடையில் அதை ஈடுகட்ட மாதம் 37,500 ரூபாவுக்கு மேலதிகமாக விற்க வேண்டும். 25 நாள் வியாபாரம் என்றால் நாளொன்றுக்கு 1,500 ரூபா. ஒரு பழைய வாடிக்கையாளர் மகளின் பெருநாள் உடுப்புக்கு வரும்போது அதைப்போல் எத்தனை மடங்கு வாங்குவார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் வராமல் விடுவதால் ஏற்படும் நட்டம் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. அதனால்தான் அது நமக்குத் தெரிவதில்லை.

திரும்பி வரும் வாடிக்கையாளரின் பெறுமதியை 2019ஆம் ஆண்டு நாம் நேரில் கண்டோம். ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நாடெங்கும் பிரசாரம் நடந்தது. பல ஊர்களில் கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. நான் அறிந்த கடைகளில் முதலில் திரும்பி வந்தவர்கள் யார்? முதலாளியையும் சேல்ஸ்மனையும் பல வருடமாகப் பெயர் சொல்லிப் பழகிய சிங்களச் சகோதரர்கள். பின்கதவால் வந்து வாங்கிப் போனவர்களும் உண்டு, முன்கதவால் துணிந்து வந்தவர்களும் உண்டு. விலையைப் பார்த்து மட்டும் வந்துபோனவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது கண்ணாடியும் குளிரூட்டியும் அல்ல, முகம் தெரிந்த பழக்கம். அந்த முகத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தால் பழக்கம் எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சம்பளத் திகதி ஒன்றை வைத்து அதைத் தவறவிடாதீர்கள். சேமலாப நிதியைக் கட்டுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு ஆளின் பேரிலும் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். முதலாளி சாப்பிடும் சாப்பாட்டையே அவர்களும் சாப்பிடட்டும். ஏச வேண்டியிருந்தால் கடை சாத்திய பிறகு தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சரிவராத பொருளைச் சரிவராது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். அன்று விற்பனை ஒன்று குறையலாம். விலை கூடிய சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெரியவரின் கடைக்கு நாங்கள் மூன்று தடவை போனோம், போகிற மற்றவர்களுக்கும் அந்த விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், இன்று கடை சாத்தும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இன்று வந்தவர்களில் எத்தனை பேர் முன்னர் வந்தவர்கள்? அதைச் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் கடையில் இருந்தால் அவரைப் போகவிடாதீர்கள். ஒருவரும் இல்லை என்றால், அடுத்த பெயர்ப்பலகைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் உங்கள் ஆட்களுக்குச் செலவு செய்யுங்கள்.