எரிசாராயம் கலந்த பெட்ரோலும் மைசூரின் பழைய வண்டிகளும்

மைசூர் நகரின் யாதவகிரிப் பகுதியில் 1961-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ஆம் ஆண்டு மூடப்பட்டது. செக்கோஸ்லோவாகிய நாட்டின் உரிமம் பெற்று அங்கு முதலில் ஜாவா என்ற பெயரிலும், 1973 முதல் எஸ்டி என்ற பெயரிலும் மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. தொழிற்சாலை மறைந்து போயினும் அது ஈன்ற வண்டிகள் மறையவில்லை. அவை கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவோரின் ஆர்வம் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆயின் அவ்வண்டிகளை வகுத்த பொறியாளர்கள் எண்ணிப் பாராத ஓர் எரிபொருள் இன்று அவற்றின் டாங்குகளில் ஊற்றப்படுகிறது. நூற்றுக்கு 20 பங்கு எதனால் என்னும் எரிசாராயம் கலந்த பெட்ரோலே அது.

பெட்ரோலில் சாராயம் கலப்பது புதுமையன்று. 1948-ஆம் ஆண்டிலேயே இந்திய பவர் ஆல்கஹால் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் சராசரி 10 பங்கு எட்டப்பட்டது. 20 பங்குக் கலவை 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமாகி, 2025-ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பரவியது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது என்பதும், கரும்பு பயிரிடுவோர்க்கும் மக்காச்சோளம் விளைவிப்போர்க்கும் சந்தை கிடைக்கிறது என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. மைசூருக்கு அண்மையிலுள்ள மண்டியாவில் 1933-இல் சர்க்கரை ஆலை எழுந்த நாள் முதல் அவ்வட்டாரத்தின் வாழ்வு கரும்போடு பிணைந்ததாகும். ஆதலின் கலவைத் திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கு வினாவன்று. பழைய வண்டியை உடையவனுக்கு என்ன வழி காட்டப்பட்டிருக்கிறது என்பதே வினா.

முதலில் இரசாயனத்தைக் காண்போம். எரிசாராயத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது பிராணவாயுவாகும். ஆகவே அது எரிவதற்குக் குறைந்த காற்றே போதும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிசாராயத்துக்கு 9 கிலோ போதுமானது. 20 பங்குக் கலவைக்கு இது சுமார் 13.5 கிலோ. இக்காலத்து வண்டிகளில் மின்னணுக் கருவி இதை உணர்ந்து எரிபொருளின் அளவைத் தானே கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரில் அத்தகைய கருவி ஏதும் இல்லை. அதன் ஜெட் என்னும் துளை முன்போலவே எரிபொருளை விடும். காற்றும் முன்போலவே புகும். விளைவு, கலவை நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு மெலிந்துவிடுகிறது. மெலிந்த கலவையால் இயந்திரத்தின் உஷ்ணம் மிகும். ஒரு லிட்டரில் அடங்கிய சக்தியும் சுமார் 7 பங்கு குறைகிறது. எரிசாராயத்தின் உயர்ந்த ஆக்டேன் எண்ணால் இவ்விழப்பு ஈடாகும் என்பர். அழுத்த விகிதம் உயர்ந்த இயந்திரத்துக்கு அது பொருந்தும். அழுத்த விகிதம் தாழ்ந்த பழைய இயந்திரம் அந்த நன்மையைப் பயன்படுத்திக்கொள்ள இயலாது.

அடுத்தது, எரிசாராயத்தின் கரைக்கும் தன்மை. மரச் சாமான்களுக்கு மெருகிடும் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதை யாவரும் அறிவர். பழைய கார்புரேட்டர்கள் சிலவற்றில் தக்கையாலான மிதவைக்கு இதே அரக்குப் பூச்சுத்தான் இடப்பட்டிருந்தது. இயற்கை ரப்பரும் பழைய வகைச் செயற்கை ரப்பரும் உப்பி, நெகிழ்ந்து, பின் வெடித்துப் போகின்றன. பல ஆண்டுகளாக டாங்கின் சுவரில் படிந்திருந்த கசடும் கழன்று வந்து ஜெட்டை அடைக்கிறது.

இவை யாவும் செலவு வைப்பனவே. ஆயினும் பெரும்பாலும் முன்கூட்டியே தம்மைக் காட்டிக்கொள்வன. ஜாவா, எஸ்டி போன்ற ஈரடி இயந்திரங்களுக்கு வரும் கேடோ வேறு வகைப்பட்டது. நான்கடி இயந்திரத்தில் மசகெண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. ஜாவாவில் அது பெட்ரோலோடு கலந்தே ஊற்றப்படுகிறது. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் அதைத் தவிர வேறு எண்ணெய் இல்லை. எரிசாராயமோ நீரை விரும்பி ஏற்பது. நூற்றுக்கு 10 பங்குக் கலவை 15 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி லிட்டர் நீரைத் தன்னுள் அடக்கும். 20 பங்குக் கலவை அதனினும் கூடுதலாகவே தாங்கும். அளவு மீறினால், அல்லது இரவில் குளிர் மிகுந்தால், நீரும் எரிசாராயமும் ஒன்றுகூடிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். மசகெண்ணெய் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கின் திருகுகுழாய் இருப்பதோ அடியில். ஆகவே பல நாள் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பும்போது இயந்திரத்துள் முதலில் இறங்குவது எண்ணெயற்ற அந்த நீர்ச்சாராயமே. பெரும்பாலும் வண்டி கிளம்பாது, அது நல்லூழ். இரண்டும் குழம்பிக் கிளம்பிவிட்டால், எண்ணெய் போதாத பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதனை 'சீஸ்' என்பர். வேகமாக ஓடுகையில் இது நேர்ந்தால் பின்சக்கரம் சட்டென நின்றுவிடும்; ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

மிகைப்படுத்தலும் கூடாது. நாள்தோறும் ஓடி, வாரந்தோறும் புதுப் பெட்ரோல் பெறும் வண்டியில் இப்பிரிவு நிகழ்வது அரிது. வெறும் காற்றின் ஈரம் மட்டும் இதனைச் செய்துவிடாது. மூடி சரியில்லாத டாங்கில் மழைநீர் கசிவதே வழக்கமான காரணம். பழைய வண்டியில் நேரும் குறை ஒவ்வொன்றையும் எரிசாராயத்தின் மேல் சுமத்துவது ஒர்க்ஷாப்புகளுக்கு இப்போது எளிதாகிவிட்டது.

பழைய கார்களில் இந்த எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகிலுள்ள பயணா கண்காட்சியில் காணப்படுவன போன்ற கார்களுக்கும், சென்ற நூற்றாண்டின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் வருவன ரப்பர்ச் சேதமும் மெலிந்த கலவையும்தான். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு.

மத்திய அரசின் பெட்ரோலிய அமைச்சகம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில், அச்சங்கள் பெரும்பாலும் ஆதாரமற்றவை என்றும், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் உறுப்புகளை மாற்ற நேரலாம் என்றும் கூறியது. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இவ்வறிவுரை பொருந்தும். ஆண்டுக்கு 300 கிலோமீட்டர் ஓடி, எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும் எஸ்டிக்குக் கிலோமீட்டர்க் கணக்கால் பயனில்லை. ரப்பர் ஊறுவது நாட்களால் அன்றித் தூரத்தால் அன்று.

பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் 10 பங்குக் கலவை பொதுவாக்கப்பட்டபோது, பழைய வண்டிகளுக்கெனக் கலப்பு 5 பங்குக்கு மிகாத உயர்தரப் பெட்ரோலும் தொடர்ந்து விற்கப்பட்டது. இரு பம்புகளிலும் கலப்பின் உச்ச அளவு பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டது. ஜெர்மனியும் 2011-இல் இவ்வாறே செய்தது. இந்தியாவில் அத்தகைய தேர்வு கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் ஆணையிடவில்லை என்பதால் நிர்வாகம் தானாக முன்வந்து செய்யலாகாது என்பதில்லை. மைசூர் போன்ற நகரங்களில் ஒரே ஒரு பங்கிலாவது கலப்புக் குறைந்த பெட்ரோல் கிடைக்கச் செய்தல் நியாயமான கோரிக்கையே. அதற்குக் கூடுதல் விலை கேட்டாலும் பழைய வண்டிக்காரர்கள் கொடுப்பர். அதுவரை ஒவ்வொரு பம்பிலும் கலப்பின் அளவைத் தெளிவாக எழுதி வைத்தால் போதும். ஆக்டேன் எண் மட்டும் எழுதுவது போதாது. ஆக்டேன் எண் வேறு, சாராயத்தின் அளவு வேறு. இதை அறியாமல், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலில் சாராயம் இருக்காது என்றெண்ணிப் பணம் செலவிடுவோர் பலர்.

களப்பணியாளர்கள் வண்டிக்காரர்க்குச் சொல்லத்தக்கவை சிலவே. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் ஈரடி வண்டியின் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்து விடுக. டாங்கு மூடியின் வாஷரை மாற்றுக. எரிசாராயத்தைத் தாங்கும் ஃபுளோரின் வகை ரப்பர்க் குழாய்களைப் பொருத்துக. மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்கி, ஸ்பார்க் பிளக் வெளிறாமல் பழுப்பு நிறம் காட்டுகிறதா எனப் பார்க்க. மசகெண்ணெயின் அளவை மட்டும் கூட்டுவது தீர்வாகாது. எண்ணெய் கூடக்கூட அதே ஜெட்டின் வழியே செல்லும் பெட்ரோல் குறையும். கலவை இன்னும் மெலியும்.

ஆசிரியர்கள் இதை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். காற்றோட்டமான வெளியிடத்தில், நெருப்பு அருகில் இல்லாதபடி, ஆசிரியரே செய்ய வேண்டிய சோதனை இது. அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழலில் 10 மில்லி லிட்டர் நீரும் 50 மில்லி லிட்டர் பெட்ரோலும் ஊற்றி மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்க. எரிசாராயம் பெட்ரோலை விட்டு நீரோடு சேரும். பெட்ரோல் 20 பங்குக் கலவையாயின் அடியிலுள்ள அடுக்கு 20 மில்லி லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். கலப்பற்றதாயின் அது 10 மில்லி லிட்டரிலேயே இருக்கும். பம்பில் எழுதப்படாத எண்ணை இக்குழலில் படித்துக்கொள்ளலாம்.