தண்ணீரின் வரவு செலவு

சூரமங்கலத்தில் நாம் பருகும் குழாய்நீர் மேட்டூரிலிருந்து வருகின்றது. 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அந்த அணையின் நீர் அண்மை ஆண்டுகளில் சில வேளை பச்சை நிறங்கொண்டு, கரையோர ஊர்களில் துர்நாற்றம் வீசியதையும் நாம் அறிவோம். காரணம் யாது?

அணையில் நீர் இறங்கியதும் வெளிப்படும் நிலத்தில் உழவர் பயிரிடுகின்றனர். மீண்டும் நீர் ஏறுகையில் எஞ்சிய உரமும் பயிரின் தாளும் மூழ்கிவிடுகின்றன. மேல்நாட்டு வயல்களின் உரமும் ஊர்களின் சாக்கடையும் ஆற்றோடு வந்து சேர்கின்றன. நெல்லை வளர்க்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியையும் வளர்க்கும். பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகின்றது, மீன்களும் மடிகின்றன.

1973-ஆம் ஆண்டு கனடா நாட்டு அறிஞர்கள் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் சர்க்கரையும் தழைச்சத்தும் இட்டனர். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்து இட்ட பாதியே பாசி படர்ந்து பச்சையாயிற்று.

இத்தகைய அறிவைக் கொண்டு, இல்லத்தரசியர் வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல, அறிஞர்கள் நீருக்கும் கணக்கு எழுதுகின்றனர். வயலிலிருந்து வந்த சத்து எவ்வளவு, சாக்கடையிலிருந்து வந்தது எவ்வளவு, அடியில் படிந்தது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று அளந்து, மழையையும் நிலச்சரிவையும் மண்ணின் இயல்பையும் சேர்த்துக் கணிப்பொறியில் இடுகின்றனர். எந்த வரவைக் குறைத்தால் நீர் எவ்வளவு தெளியும் என்பதை முன்கூட்டியே கணித்துக் கூற இது உதவுகின்றது. ஆயினும் அளவு பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

அணை நிலத்து உழவரைப் பழிப்பது எளிது. அந்நிலம் அவர்களுக்குப் பிழைப்பு. நம் பக்கத்துக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் கழிவைச் சுமந்து சென்று நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. அதன் கரையிலும் உழவர் உண்டு. அதற்குக் கீழே காவிரியை நம்பிய ஊர்கள் பல உண்டு. மேட்டூருக்குக் கீழிருக்கும் நாமே அவர்களுக்கு மேலிருப்போர்.

ஆகவே, நிலமுடையோர் மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே உரமிடுவோமாக. வீட்டின் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விடாதிருப்போமாக. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விட வேண்டுமென மாநகராட்சி மன்றத்தாரிடம் விடாது கேட்போமாக. நமக்குத் தெளிந்த நீர் வேண்டுமென்று கேட்கும் உரிமை, அடுத்த ஊருக்கும் தெளிந்த நீரையே அனுப்பும் கடமையோடு பிறந்தது.