பக்கத்தை அழித்தாலும் படம் களஞ்சியத்தில் இருக்கும்



சென்ற மாதம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சங்கத்துக்கென ஓர் இணையத்தளம் திறந்து, முதற் பக்கத்தை எழுதுவது வரை பார்த்தோம். இம்மாதம், அந்தத் தளத்தில் நாம் திரும்பத் திரும்பப் பாவிக்கும் பொருட்களைப் பற்றி எழுதுகிறேன். படங்கள், சங்கத்தின் இலச்சினை, நிறங்கள், எழுத்துரு, தொலைபேசி இலக்கம் எழுதிய சிறு பெட்டி என்பவற்றையே சொல்கிறேன். அலுமாரி அடுக்குகிற வேலைதானே என்று தோன்றும். எங்களைப் போன்றவர்களுக்கு அது அவ்வளவு சிறிய வேலை அல்ல. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் பனையோலைப் பெட்டியின் படத்தைப் போடுகிறீர்கள். அந்தப் படம் அந்தப் பக்கத்துக்குள் ஒட்டப்படுவதில்லை. அது தளத்தின் களஞ்சியத்துக்குப் போகிறது. வேர்ட்பிரஸ்ஸின் இடப்பக்கப் பட்டியலில் ‘மீடியா’ என்று இருப்பதுதான் அந்தக் களஞ்சியம். பக்கத்தில் இருப்பது, ‘களஞ்சியத்தில் இன்ன படத்தை இங்கே காட்டு’ என்ற குறிப்பு மாத்திரமே. ஆகவே ஒரு படத்தை ஒருதரம் ஏற்றினால் பத்துப் பக்கங்களில் காட்டலாம். பத்துத் தரம் ஏற்றத் தேவையில்லை. டேட்டாக் காசும் மிச்சம்.

களஞ்சியத்துக்குள் படங்கள் ஆண்டு, மாதம் என்று பிரித்த பெட்டிகளில் சேர்கின்றன. பெரிய படம் ஒன்றை ஏற்றினால் அதிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே பல அளவுகளில் பிரதிகள் எடுத்து வைக்கும். 150 புள்ளி அகலத்தில் ஒன்று, 300இல் ஒன்று, 768, 1024, 1536, 2048 என்று போகும். இதுவும் நன்மைக்குத்தான். சிறிய கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்குச் சிறிய பிரதியையே அனுப்பும். பக்கம் கெதியாகத் திறக்கும். 2019ஆம் ஆண்டு முதல், மிகப் பெரிய படமானால் 2560 புள்ளிக்குள் சுருக்கிய ஒரு பிரதியையும் செய்து அதையே பாவிக்கிறது. ஆனால் நீங்கள் ஏற்றிய மூலப் படமும் களஞ்சியத்தில் அப்படியே கிடக்கும். இந்த வரியை மறக்க வேண்டாம். பிறகு தேவைப்படும்.

பெயரிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயர் வெறும் எழுத்தும் திகதியும் இலக்கமுமாக இருக்கும். ஆறு மாதம் போனால் எது ஒடியல் மா, எது மிளகாய்த்தூள் என்று தேடி எடுக்க முடியாது. ஏற்றுவதற்கு முன்பே பொருளின் பெயரையும் ஆண்டையும் சின்ன ஆங்கில எழுத்துக்களில், இடைவெளி விடாமல், சிறு கோடு போட்டு எழுதுங்கள். தமிழில் பெயரிட்டால் இணைய முகவரியில் அது நீண்ட குறியீட்டு வரிசையாக மாறிவிடும். இலச்சினையை, பின்னணி நிறம் இல்லாத பி.என்.ஜி. வடிவத்தில் ஒரேயொரு நல்ல பிரதியாக வைத்திருங்கள். சங்கத்தின் சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? கணனியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு இலக்க எழுத்துக்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. அதைக் கொப்பியில் எழுதிவையுங்கள். கண்மட்டாகத் தெரிவு செய்தால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு சிவப்பாக இருக்கும்.

எழுத்துருவிலும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சங்கத்துக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் வருடக்கணக்காகப் பாமினியில் தட்டெழுதி வைத்திருக்கிறோம். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் முகமூடி போட்டது போன்றது. அதை அப்படியே இணையத்தளத்தில் ஒட்டினால், பார்ப்பவரின் கருவியில் பாமினி இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும். கூகுளிலும் தேடிப் பிடிக்க முடியாது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இலவசமாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. தளத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிமமுள்ள எழுத்துரு போதும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பு முதல் எழுத்துருக்களுக்கும் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு களஞ்சியம் உண்டு. புதிய வகை வடிவமைப்புகளில் அங்கிருந்தே சேர்த்துக்கொள்ளலாம்.

இனித் தொலைபேசி இலக்கம். இது அலங்கார விடயம் அல்ல.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தையற் குழு, ஒவ்வொரு உடுப்பின் படத்துக்குக் கீழும் ஓர் அங்கத்தவரின் சொந்த இலக்கத்தை எழுதியிருந்தது. சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு இராத்திரியில் அழைப்புகள் வரத் தொடங்கின. கணவர் இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கிறவர். இலக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள். ஆனால் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் தனித்தனியே எழுதியிருந்தபடியால் இரண்டு மூன்று இடங்களில் விடுபட்டுப்போனது. அழைப்பும் நிற்கவில்லை. கடைசியில் அவர்தான் சிம்மை மாற்றினார்.

இதற்கு வேர்ட்பிரஸ்ஸில் ஒரு வழி உண்டு. தொடர்பு விபரத்தை ஒரு பெட்டியாக எழுதி, அதை ‘சிங்க்ட் பற்றர்ன்’ என்ற வகையில் சேமித்துக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் புதிய எழுதுகருவி வந்தபோது இதன் பெயர் ‘ரீயூசபிள் புளொக்’. 2023 ஓகஸ்ட்டில் பெயர் மாற்றப்பட்டது. பழைய பாட வீடியோக்களில் பழைய பெயரே இருக்கும், குழம்ப வேண்டாம். அதே இடத்தில் ‘சிங்க்’ செய்யாத இன்னொரு வகையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தையல் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். சிங்க் செய்யாதது, சட்டைக்கு அளவு வெட்டி வைத்திருக்கும் கடதாசி போன்றது. அதை வைத்துப் பத்துச் சட்டை வெட்டலாம். பிறகு கடதாசியைத் திருத்தினால் வெட்டிய சட்டைகள் திருந்தாது. சிங்க் செய்தது ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தாங்கி போன்றது. தாங்கியில் எதை ஊற்றினாலும் எல்லாக் குழாயிலும் அதுதான் வரும். ஓர் இடத்தில் இலக்கத்தை மாற்றினால், அந்தப் பெட்டி போட்ட எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கணமே மாறிவிடும். பொருட்களின் விலையை இப்படி வைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் மாற்றுவதாக நினைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவீர்கள். தொடர்பு, வங்கி விபரம், ஓடர் எடுக்கும் முறை என்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். இலக்கமும் சங்கத்துக்கென்று எடுத்த தனி இலக்கமாக இருப்பது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அதுதான் எங்கள் படங்கள்.

2009க்குப் பிறகு எங்களை எத்தனை பேர் படம் எடுத்தார்கள் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா? நலன்புரி நிலையத்தில் வரிசையில் நின்றபோது, தகரக் கொட்டிலுக்கு முன்னால், ஆடு கொடுத்தபோது, கோழிக்கூடு கொடுத்தபோது. எடுத்தவர்கள் போய்விட்டார்கள். படங்கள் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பெயரும் ஊரும் வேண்டாம், உலர் உணவுப் பொதியோடு நிற்கும் படம் ஓர் அமைப்பின் இணையத்தளத்தில் இருந்தது. படத்தின் கீழ் அவருடைய பெயர், ஊர், ‘கணவரை இழந்தவர்’ என்ற விபரம். அப்போது மகளுக்கு ஏழு வயது. மகள் உயர்தரம் படிக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அதைத் தேடி எடுத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறது. தாய் அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதினார். பக்கத்தை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. நீக்கியதும் உண்மைதான். ஆனால் ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, “அக்கா, எடுத்துப் போட்டம் எண்டுதான் எழுதியிருக்கினம். ஆனா இந்தப் பிள்ளையின்ர போனில இன்னும் திறபடுது” என்றார்.

திறபடும். பக்கம் என்பது குறிப்பு, படம் இருப்பது களஞ்சியத்தில் என்று மேலே சொன்னேன் அல்லவா? பக்கத்தை அழித்தால் குறிப்புத்தான் அழியும். படத்துக்கென்று தனி இணைய முகவரி உண்டு. அந்த முகவரியை வைத்திருப்பவர் யாரும் எப்போதும் திறக்கலாம். பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டாலும், அதை ‘வெளியிடாதது’ என்று மாற்றினாலும் படக் கோப்புக்குப் பூட்டு விழுவதில்லை. பெண்ணின் பெயரைக் கோப்பின் பெயராக வைத்திருந்தால், அந்த முகவரியிலேயே அவர் பெயரும் இருக்கும்.

வேறு சில பொறிகளும் உண்டு. வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே படத்தை வெட்டித் திருத்தலாம். அப்படி ஒருவரின் முகத்தை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியடைய வேண்டாம். மூலப் படம் களஞ்சியத்தில் முழுசாக இருக்கும். சிறிய பிரதியின் முகவரியில் அளவைக் காட்டும் இலக்கங்களை நீக்கிப் பார்த்தால் பெரிய படம் வந்துவிடும். முகத்தை மறைப்பதானாலும் வெட்டுவதானாலும் ஏற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியிலேயே செய்து, திருத்திய பிரதியை மட்டும் ஏற்றுங்கள். கைத்தொலைபேசிக் கமராவில் இட அமைவு திறந்திருந்தால், எந்த வீட்டு வாசலில் எடுத்தது என்பதும் படக் கோப்புக்குள் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்தப் பதிவு நீங்கிவிடும், படத்தின் தரமும் குறையும். ‘டொக்கியூமன்ட்’ ஆக அனுப்பினால் தரம் இருக்கும், இடமும் இருக்கும். பெண்களின் வீடுகளில் எடுக்கும்போது கமராவின் இட அமைவை மூடிவிட்டு எடுப்பதுதான் நல்லது.

சரி, எப்படி உண்மையாக நீக்குவது? ‘மீடியா’ களஞ்சியத்துக்குப் போய் அந்தப் படத்தைத் திறந்து, ‘நிரந்தரமாக அழி’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அப்போது மூலமும் அளவுப் பிரதிகளும் சேர்ந்து போகும். பக்கங்களுக்குக் குப்பைத்தொட்டி உண்டு, அழித்ததை மீட்கலாம். படங்களுக்குச் சாதாரணமாக அது கிடையாது, போனால் போனதுதான். ஆகவே வேறெந்தப் பக்கத்தில் அந்தப் படம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே வெறும் உடைந்த சதுரம் தெரியும். களஞ்சியத்தில் ‘இணைக்கப்படாதவை’ என்று ஒரு பிரிவு உண்டு. அதைப் பாவிக்கப்படாதவை என்று நினைத்து மொத்தமாக அழித்துவிடாதீர்கள். தளத்தின் தலைப்பில் இருக்கும் உங்கள் இலச்சினையே அதற்குள் இருக்கக்கூடும்.

அழித்த பிறகு, முன்பே பிரதி எடுத்து வைத்த படத்தின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் வேலை முடிந்தது. கூகுள் தேடலில் பழைய நிழல் இன்னும் தெரிந்தால், அதைப் புதுப்பிக்கக் கேட்பதற்குக் கூகுளிலேயே ஒரு படிவம் உண்டு. மேலே சொன்ன சகோதரியின் விடயத்தில், ‘பக்கத்தை அல்ல, கோப்பை அழியுங்கள்’ என்று படத்தின் முகவரியையும் எழுதி மீண்டும் ஒரு கடிதம் அனுப்பினோம். நான்கு நாளில் படம் போய்விட்டது. முதற் கடிதத்துக்கு அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் களஞ்சியத்தையே அவர்களுக்குத் தெரியாது. எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

படங்களின் கீழ் எழுதும் விபரத்திலும் கவனம் வேண்டும். கண் தெரியாதவர்களுக்குக் கணனி வாசித்துக் காட்டுவதற்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு விளக்கம் எழுதலாம். யுத்தத்தில் பார்வை இழந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், ஆகவே கட்டாயம் எழுதுங்கள். ஆனால் களஞ்சியத்தில் அந்த விளக்கத்தைத் திருத்தினால், ஏற்கனவே பக்கங்களில் போட்ட இடங்களில் பழையதுதான் நிற்கும். அங்கே போய்த் தனியாகத் திருத்த வேண்டும். ஒருவர் தன் பெயரை எடுக்கச் சொன்னால் இரண்டு இடமும் பார்க்க வேண்டும். ‘ஓலை பின்னும் பெண்ணின் கைகள்’ என்று எழுதினால் போதுமான இடத்தில் பெயரும் விதவை என்ற சொல்லும் எதற்கு?

எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். படத்தின் கோப்புப் பெயர், அதில் யார் இருக்கிறார், எதற்குப் பாவிக்கச் சம்மதித்தார், எந்த ஆண்டு வரை, கையொப்பம். பொருள் விற்கும் பக்கத்துக்குச் சம்மதித்தவரின் படத்தை நிதி கேட்கும் அறிக்கைக்குப் பாவிப்பதில்லை. அதற்கு வேறாகக் கேட்கிறோம். முடிவுத் திகதி வந்த படங்களை ஜனவரிக் கூட்டத்தில் வாசிக்கிறோம். இம்முறை பதினொரு படங்கள் வந்தன. ஏழு பேர் இருக்கட்டும் என்றார்கள். மூன்று பேர் வேறு படம் எடுத்துப் போடச் சொன்னார்கள், அதில் ஒருவருக்குத் தான் கட்டியிருந்த சேலை பிடிக்கவில்லையாம். ஒருவர் வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. கூட்டம் முடிய முன்பே களஞ்சியத்தைத் திறந்து அழித்து, அவருடைய கைத்தொலைபேசியிலேயே முகவரியைத் திறந்து காட்டினோம்.

அடுத்த மாதம், இந்தக் களஞ்சியம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைப்பது எப்படி என்று பார்ப்போம்.