தெரியாது என்று சொல்லும் தைரியம்



கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர்தான். நம் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பெயருக்குப் பாலாறு உண்டு. நம்மைப் பொறுத்தவரை அது பேத்தமங்கலம் ஏரியோடு சரி. சிறு வயதில் நாங்கள் சறுக்கி விளையாடியதெல்லாம் சயனைடு மேட்டு மணலில். இப்படிப்பட்ட ஊரிலிருந்து எட்டு இளைஞர்கள், மழைக்கால வெள்ளம் பாறைகளில் மோதிப் புரளும் காட்டாற்றில் ரப்பர் படகு விடப் போகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எட்டுப் பேரில் ஒருவன் என் தங்கை மகன். எல்லாரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு நம் பிள்ளைகளுக்கு அந்த ரயில்தானே பிழைப்பு! ரயில் பெட்டியில் உருவான நட்பு இது. தென் குடகில், பிரம்மகிரி மலையடிவாரத்தில் ஓடும் பாரபொளே ஆற்றுக்கு ஆகஸ்டு மாதம் போவதாகத் திட்டம்.

பை ஒன்று இரவல் கேட்க வந்த மருமகனிடம், "எட்டு பேரில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்னுதான் சொல்றானுங்க மாமா" என்றான்.

"உனக்கு?"

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "லைஃப் ஜாக்கெட் குடுக்கிறாங்க மாமா, இன்னா ஆவப்போவுது?" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு 1981-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. நண்பர்கள் ஐந்து பேர் ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறுமுன் பரிசல்காரர், "நீச்சல் தெரியாதவங்க யாருப்பா?" என்று கேட்டார். மற்ற நால்வரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்நாளில் மிதவை அங்கியெல்லாம் யார் கண்டார்கள்? நடு ஆற்றில் பரிசல் பாறையில் உரசிச் சாய்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் தண்ணீருக்குள். பரிசல்காரர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். கரைக்கு வந்ததும் அவர் திட்டவில்லை. "தெரியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா என் பக்கத்துல உக்கார வெச்சிருப்பேனே தம்பி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இன்னொரு உண்மை வெளிவந்தது. மார்பை நிமிர்த்திய நால்வரில் இருவருக்கும் நீச்சல் தெரியாது!

ஆறு யாரையும் ஏமாற்றுவதில்லை. பாறை இருக்கும் இடத்தில் நுரை காட்டும். சுழல் இருக்கும் இடத்தில் சுற்றிக் காட்டும். ஏமாற்றுகிறவர்கள் நாம்தான். அதுவும் யாரிடம்? நம்மோடு படகில் உட்காரப் போகும் நண்பர்களிடம்! இந்த வெட்கம்தான் வெள்ளத்தைவிட ஆபத்தானது என்பது என் கருத்து.

இதைக் கேட்டதும் நம் பெரியவர்கள் சிலர், "நமக்கெதற்கப்பா இந்த வேலை? போகவே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே!" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பாட்டன்மார்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, பூமிக்குள் இறங்கியவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக இறங்கினார்கள். இவர்கள் பணம் கட்டி இறங்குகிறார்கள். வேடிக்கைதான்! ஆனால் தினமும் நாலைந்து மணி நேரம் ரயிலில் கழியும் பிள்ளைகளுக்கு ஆண்டில் இரண்டு நாள் திறந்த வானம் வேண்டாமா? போகட்டும். ஆனால் பாட்டன்மார்கள் இறங்கிய முறையில் இறங்கட்டும்.

என் தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. உள்ளே இறங்குமுன் டோக்கன். மேலே வந்ததும் டோக்கன். ஷிப்ட் முடிந்து ஒரு டோக்கன் கணக்கில் வராவிட்டால் ஒரு ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மணி அடித்துப் பதில் மணி வராமல் கூண்டு நகராது. உடம்புக்கு முடியாதவன் அன்று இறங்கமாட்டான். அவனைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் வேலை பார்த்த ரயில்வேயிலும் இதே பாடம்தான். ஆற்றுப் பாலத் தூண்களில் அபாய மட்டம் என்று ஒரு கோடு தீட்டியிருக்கும். மழைக்காலத்தில் முக்கியமான பாலங்களில் காவலர் ஒருவர் கொடியும் விளக்கும் வெடியும் வைத்துக்கொண்டு இரவு பகலாக இருப்பார். வெள்ளம் கோட்டைத் தொட்டால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ரயிலை நிறுத்திவிடலாம். சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் அவர். வரும் ரயிலில் எவ்வளவு பெரிய அதிகாரி இருந்தாலும் அவர் காட்டும் சிவப்பு விளக்குக்கு நின்றுதான் ஆகவேண்டும். ஒரு முறை அப்படி நின்ற ரயில், தண்ணீர் இறங்கிய பிறகு ஒன்றுமே ஆகாமல் பாலத்தைக் கடந்தது. "வீணாக நிறுத்தினாயே" என்று அந்தக் காவலரை யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அடுத்த முறை நிறுத்தத் தயங்குவார். பிறகு பாலம் இருக்காது.

நண்பர் கூட்டமும் அப்படித்தான் இருக்கவேண்டும். எட்டுப் பேர் கையிலும் ஒரு சிவப்புக் கொடி. எவன் காட்டினாலும் வண்டி நிற்கவேண்டும். ஏன் காட்டினாய் என்று கேலி பேசக்கூடாது.

மருமகனிடம் இவ்வளவும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒகேனக்கல் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "இப்போது சொல்லுங்கள், யாருக்கு நீச்சல் தெரியாது?" என்றேன். முதலில் ஒரு கை உயர்ந்தது. கடைசியில் ஐந்து கைகள்! ஒருவனுக்கு வலிப்பு வந்து மாத்திரை சாப்பிடுகிற விஷயமும் அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக ஒரே பெட்டியில் போய் வருகிறவர்கள்!

அதன் பிறகு செய்த ஏற்பாடுகளை, மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, ஆற்றைத் தெரிந்துகொள்வது. காட்டாற்று ஓட்டத்தை உலகம் முழுவதும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சிற்றலை. ஆறு என்றால் வல்லுநர்களுக்கே உயிர்ப் பணயம். பாரபொளே மழைக்காலத்தில் நான்காம் தரம் வரை எகிறக்கூடியது. வட கன்னடத்தில் தாண்டேலிப் பக்கம் காளி ஆறு இரண்டு, மூன்றாம் தரம்தான். சூபா அணையில் மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் நீரை நம்பி அங்கே படகு ஓடுகிறது. பாரபொளேயில் மழை பெய்தால்தான் படகு. ரிஷிகேசத்தில் கங்கையிலோ மழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் படகை நிறுத்திவிடுகிறார்கள். ஆற்றுக்கு ஆறு கணக்கு வேறு. ஒரே ஆற்றிலும் தண்ணீர் ஏறினால் தரம் ஏறிவிடும். நேற்றுப் போனவன் சொன்ன கதை இன்றைக்கு உதவாது.

இரண்டாவது, பயிற்சி. ஐந்து பேரும் பெங்களூரில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தார்கள். சில வாரங்களில் யாரும் நீச்சல் வீரனாகிவிட முடியாது. ஆனால் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது பதறாமல் மூச்சு விடப் பழகிக்கொள்ளலாம். மிதவை அங்கி நம்மை மிதக்க வைக்குமே தவிர, பதற்றத்தை நிறுத்தாது. அந்த அங்கியும் உடம்போடு இறுகியிருக்கவேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு நண்பன் ஒருவன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். காது வரை ஏறி வந்தால் அது உங்களுக்கானது அல்ல.

மூன்றாவது, விழுந்தால் என்ன செய்வது என்பது. படகில் பத்திரமாக உட்காரக் கற்பதைவிட இது முக்கியம். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. இடுப்பளவுதானே என்று காலை ஊன்றினால், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் வேகம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் பக்கமாக நீட்டி, பாதங்களைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளவேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் மட்டும் அதன் பக்கம் போகாமல் நீந்தி விலகவேண்டும். தண்ணீர் அதன் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், மனிதன் போகமுடியாது. கரையிலிருந்து கயிறு வீசினால் கயிற்றைப் பிடிக்கலாம், கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது.

நான்காவது, படகோட்டியின் சொல். முன்னே, பின்னே, நிறுத்து, குனிந்து உட்கார் என்று அவர் சொன்ன கணத்தில் எட்டுத் துடுப்பும் ஒன்றாக அசையவேண்டும். ஒரு கை எப்போதும் துடுப்பின் தலைப்பிடியை மூடியிருக்கவேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் பல் போய்விடும். எங்கள் மொட்டை மாடியில் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, ஆளுக்கொரு துடைப்பக்கட்டையோடு பையன்கள் பழகியதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பரவாயில்லை.

ஐந்தாவது, கேட்கவேண்டிய கேள்விகள். படகு விடுகிறவருக்கு அனுமதி இருக்கிறதா? தலைக்கவசம் எல்லாருக்கும் உண்டா? கவிழ்ந்தால் மீட்க உடன் ஒரு சிறு படகு வருமா? இன்றைக்குத் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது, எந்த அளவுக்கு மேல் நிறுத்துவார்கள்? இதற்குச் சரியாகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டவேண்டாம். அவர்கள் நீட்டும் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உடம்பில் உள்ள குறையை மறைக்காதீர்கள். முதல் நாள் இரவு மதுவைத் தொடாதீர்கள். கனத்து இழுக்கும் ஜீன்ஸ் வேண்டாம். காலில் வாரோடு கூடிய செருப்பு போதும்.

இந்த ஏற்பாடுகளால் இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டன. முதல் பயணம் பாரபொளேக்கு அல்ல, காளி ஆற்றுக்கு என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அங்கே பழகிய பிறகு, அடுத்த மழைக்குப் பாரபொளேயைப் பார்த்துக்கொள்ளலாமாம். வலிப்பு மாத்திரை சாப்பிடும் தம்பி படகில் ஏறப்போவதில்லை. ஆனால் கூடவே வருகிறான். ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணுவது அவன் பொறுப்பு. என் தகப்பனாரின் பித்தளை டோக்கன் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறோம், மிக நல்லது. கோடை விடுமுறையில் நீச்சல் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்யலாமே! ஆறில்லாத ஊரில் பிறந்த பிள்ளைகள் எங்கெங்கோ போய் வாழப்போகிறார்கள். ஒருநாள் ஏதாவது ஓர் ஆறு அவர்கள் எதிரே வராமல் போகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் நண்பர்களோடு புறப்பட்டால், "போகாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், சொல்லாமல் போய்விடுவான். "உனக்குத் தெரியாததை அவர்களிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேளுங்கள். சொன்னவனைப் பரிசல்காரர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.