தகரக் கூரைக்குக் கீழே பரண்: வெக்கை குறையுமா, விதை தாங்குமா?

கேள்வி: "எங்களுடையது தகர ஷீட் போட்ட வீடு. சித்திரை, வைகாசியில் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. சுவருக்குச் சுவர் பனஞ்சட்டம் கிடக்கிறது. அதன்மேல் பலகை அடித்துப் பரண் போட்டால் வெக்கை குறையுமா? அடுத்த பட்டத்துக்கான விதைக்கடலையையும் மேலேயே வைத்துவிடலாமா?"
- வாசகி ஒருவர், செஞ்சி வட்டம்.

பதில்: வெக்கை குறையும். ஆனால், விதைக்கடலை மேலே போகக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

காய்ந்த தகரத்தின் அனல் நேராகக் கீழே இறங்குகிறது. நடுவில் பலகை வந்துவிட்டால் அந்த அனல் பரணிலேயே தங்கும். அறை தணியும், பரண் முன்பைவிடக் காயும். விதை இருக்கும் இடத்தில் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடினால் விதையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஈரப்பதம் 1 சதவிகிதம் கூடினாலும் அதே கதிதான். ஆகவே, கடலையை உடைக்காமல் காயாகவே நன்கு உலர்த்தி, ஈரப்பதம் 9 சதவிகிதத்தைத் தாண்டாமல், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் கட்டை மேல் அடுக்குங்கள். மூட்டை சுவரில் உரசக் கூடாது. விதைப்புக்கு முன் 100 பருப்பை ஈர மணலில் ஊன்றிப் பாருங்கள். 70-க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுவதே நல்லது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பட்டத்தையே இழப்பவர்கள் உண்டு.

இனி பரண். வெறும் பலகையைவிட, பலகைக்கு அடியில் நெல் உமி இருந்தால் பலன் அதிகம். அந்தக் காலத்து மச்சில் பலகை மேல் மண் போட்டார்கள். நெருக்கமாகப் போட்ட பனங்கட்டைகள் அந்தப் பாரத்தைத் தாங்கின. இன்றைய சட்டங்களுக்கு மண் அதிகம், உமி போதும். தவிடும் நொய்யும் இல்லாமல் புடைத்து, வெயிலில் காயவைத்த உமியைப் பழைய சணல் சாக்கில் 4 அங்குலக் கனத்துக்குத் தலையணைபோல் தட்டையாகத் தையுங்கள். சட்டங்களின் அடியில் மூங்கில் தட்டி அடித்து, அதன்மேல் இந்தச் சாக்குகளை இடைவெளி விடாமல் பரப்ப வேண்டும். தூசியும் கொட்டாது, வேண்டும்போது எடுத்தும் பார்க்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது அடுத்த வேலையில்தான். சட்டத்தின் உயரம் 2, 3 அங்குலம்தான் இருக்கும். அதன்மேல் பலகையை அடித்தால் சாக்கு நசுங்கிவிடும். உமிக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. நசுக்கினால் காற்றும் போச்சு, செலவும் வீண். சட்டத்துக்குக் குறுக்கே ரீப்பர் கட்டைகளைப் பொருத்தி உயரம் கூட்டிக்கொண்டு, அதன்மேல் பலகை போடுங்கள். ஆணியைவிட ஸ்குரூ நல்லது. கரையான், எலி வந்ததா என்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். முதலில் சட்டத்தின் இரு முனைகளையும் தட்டிப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் பகுதிதான் முதலில் உளுத்துப்போகும்.

பரணின் இரு பக்கச் சுவரிலும் எதிரெதிராகத் திறப்பு விட்டுக் கம்பிவலை அடித்தால் சூடான காற்று வெளியேறும். மாசியில் தகரத்தின் மேல்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இன்னும் மலிவான வழி. மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடந்தோறும் அடிக்க வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளையிடவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மின்வயர் உமிக்குள் புதையக் கூடாது, குழாய்க்குள் விட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். உமி தீப்பிடித்தால் சுடர் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். விறகு அடுப்புக்கு மேலே இந்தப் பரணே வேண்டாம்.

காலிச் சாக்கு, கூடை, முறம், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பாத்திரம், இவை மேலே இருக்கட்டும். பாரமானதைச் சுவரோரமாக வையுங்கள், நடுவில் வேண்டாம். நெல் மூட்டை கூடவே கூடாது. வெங்காயம் அந்த வெக்கையில் கெட்டுவிடும். பூச்சிக்கொல்லி, மண்ணெண்ணெய், டீசல் கேன்களை ஆட்கள் படுக்கும் அறைக்கு மேல் ஏற்றவே வேண்டாம்.