கணினிப் படிப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு தோட்டங்களுக்கு வேன்கள் வருகின்றன. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்து, வண்ணத் துண்டுப்பிரசுரம் கொடுத்து, பிள்ளையை ஐ.டி. படிக்கப் போட்டால் மாதம் இலட்சக்கணக்கில் சம்பளம் என்கிறார்கள். அதைக் கேட்டுத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும், ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்களும் நம் அங்கத்தவர்களில் இருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. அதைக் கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனால், "இந்த நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு லயத்துக்குத் திரும்பி வருகிறது.

ஐ.டி. படிக்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் காசின் கணக்கை நம் செக்ரோல் கணக்கில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளத்தை வர்த்தமானியில் ஏற்றவே எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. தனியார் பட்டப்படிப்புக்குப் பத்து இலட்சம் ரூபா என்றால், அந்தச் சம்பளத்தில் அது 740 பேர். வாரம் ஆறு நாளும் முழுப் பேர் விழுந்து, ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அரைப் பேர் விழும் மாதங்களை நாம் இதில் சேர்க்கவில்லை.

அண்மையில் சங்க வேலையாகத் திருகோணமலைக்குப் போயிருந்தோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன நம் சனங்கள் அந்த மாவட்டத்திலும் குடியேறினார்கள். போகும் வழியில் கந்தளாய். அங்கே கரும்புத் தோட்டமும் சீனித் தொழிற்சாலையும் ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்டன. 1990களில் ஆலையை மூடினார்கள். ஒரே தொழிலை நம்பி நின்ற குடும்பங்களின் கதி என்ன என்று தேயிலைக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

துறைமுகப் பக்கம் போனால் சீனன்குடாவில் மா ஆலை, சீமெந்து ஆலை, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள், கொட்பே மீன்பிடித் துறைமுகம். தகப்பன் மூட்டை தூக்கும் இடத்தில் லொறியின் நிறையைப் பதிவதும், கப்பலில் வந்த சரக்கைக் கணக்கு வைப்பதும் இன்று கணினிதான். மீன்பிடியில் என்ன கணினி என்று நீங்கள் கேட்கலாம். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் நாட்டு மீனுக்குத் தடை போட்டது, 2016இல்தான் நீக்கியது. அந்தச் சமயத்தில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். படகு எங்கே நிற்கிறது என்பது கரையிலுள்ள திரையில் தெரியும். அந்தக் கருவியைப் பூட்டுபவர், பழுது பார்ப்பவர், திரையைக் கவனிப்பவர் எல்லோரும் ஐ.டி. ஆட்கள்தான். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்தால்தான் ஐ.டி. என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வலையமைப்பு, பழுது பார்த்தல், தரவுப் பதிவு, மென்பொருள் எழுதுதல் என்று அது பல வேலை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானத்தில் பட்டம் படிக்கலாம். அரச வளாகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் மகாபொல உதவியும் உண்டு. அங்கே படிக்கும் மலையகப் பிள்ளைகள் சிலருடன் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். "கம்பியூட்டரப் பார்த்துப் பயப்படல சேர், இங்கிலீஷப் பார்த்துத்தான் பயந்தோம்" என்றாள் ஒரு மகள். விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில். கணிதம் படித்து வந்தவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். இந்த விஷயத்தைத் தங்கள் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்பதாம் தரத்திலேயே சொல்லும்படி கேட்டார்கள். ஆகவே சொல்கிறோம்.

பத்தாம் தரத்துக்குப் போகும்போது பிள்ளை தெரிவுப் பாடங்களில் கையெழுத்து வைக்கிறது. மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் இருக்கிறது. பல தோட்டப் பாடசாலைகளில் "ஆசிரியர் இல்லை, வேறு பாடம் எடு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்போதே தாய் தகப்பன் அதிபரிடம் போய்க் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம் கணிதம். அதில் ஒரு திறமைச் சித்தி இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் கதவுகள் பாதி பூட்டிவிடும். உயர்தரத்தில் கணிதப் பிரிவு 1ஏபி பாடசாலையில்தான் இருக்கும். நம் பகுதியில் அவை சொற்பம். 1சி பாடசாலையில் படிக்கும் பிள்ளை கலை, வர்த்தகப் பிரிவுகளிலும் ஐ.சி.ரி.யை ஒரு பாடமாக எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, திருகோணமலை நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் வழி உண்டு. உயர் தொழினுட்பவியல் நிறுவகங்களில் தகவல் தொழினுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அதற்கும் படிப்புக் கட்டணம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் என்றாலும் உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தால் போதும். இசட் புள்ளி பார்ப்பதில்லை. உயர்தரத்தில் தவறியவர் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் என்.வி.கியூ. 4ஆம் மட்டச் சான்றிதழில் தொடங்கி, 5, 6ஆம் மட்ட டிப்ளோமாக்கள் ஏறி, 7ஆம் மட்டமான பட்டம் வரை போகலாம். நீளமான பாதைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் செல்லுபடியான கடதாசி இருக்கும், நடுவில் வேலைக்கும் போகலாம்.

தனியாரிடம் போவதென்றாலும் போங்கள். முதலில், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ அதை அங்கீகரித்திருக்கிறதா என்று கேளுங்கள். "வெளிநாட்டுப் பட்டம்" என்றால் எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தட்டெழுதவும் விலைப்பட்டியல் போடவும் சொல்லித்தரும் மூன்று மாத வகுப்பை "ஐ.டி. டிப்ளோமா" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வகுப்பு கெட்டதல்ல, அதற்குக் கேட்கும் விலைதான் கெட்டது. சின்னச் சின்ன நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தள்ளும் இந்தக் காலத்தில், அடித்தளம் இல்லாத சான்றிதழுக்கு இன்னும் மதிப்புக் குறையும்.

பெற்றோர் தலையில் மட்டும் இதைப் போட்டுவிட்டுச் சங்கம் ஒதுங்க முடியாது. கணினி அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவி எங்கே என்று தெரியாத பாடசாலைகள் நம்மிடம் உண்டு. கணினி இருந்தும் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தும் இணைப்பு இல்லை. 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடியபோது சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. சம்பளத்துக்குப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது போலவே இதற்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் மேசையில் உட்காருவோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பாடசாலையில் எத்தனை கணினி வேலை செய்கிறது, ஐ.சி.ரி., கணிதம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை எழுதி, தலைவரின் கையெழுத்துடன் மாத முடிவுக்குள் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். எங்காவது காசு கட்ட நினைக்கும் குடும்பம், கட்டுவதற்கு முன் அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் விண்ணப்பப் படிவத்தையும் தலைவரிடம் கொடுங்கள். சங்கத்திலுள்ள ஆசிரியர்கள் நாங்கள் அதைப் படித்து, பதிவை விசாரித்து, ஒரு வாரத்தில் பதில் சொல்கிறோம்.