கல்லூரி ஆங்கிலத்தில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் இடம் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிப்போரும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர்களாக, அதாவது வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டர்களை நடத்துபவர்களாகப் பணிபுரிவோரும் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். பட்டப்படிப்பின் ஆங்கிலப் பாடத்தில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்குக்கும் சம நேரமும் சம மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. மாணவரைப் பேச வைக்காமலே தேர்ச்சி வழங்கும் முறை மாற வேண்டும்.

இன்றைய நிலை

இந்த மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றவை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கும் வருகிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள், குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் ஓட்டுவார், இன்னொருவர் செக்கிங் பார்ப்பார்.

வகுப்பில் அறுபது பேர் இருந்தால் ஆசிரியர் பாடத்தை வாசித்துப் பொருள் சொல்கிறார், மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது கைடு கைக்கு வருகிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச ஒருமுறைகூட வாய்ப்புக் கிடைக்காமலே பலர் பட்டம் வாங்கிச் செல்கிறார்கள். இதற்கு மாணவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் எந்த வகுப்பும் நடத்தும்.

தொழில் என்ன கேட்கிறது

ஒரு குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். சாம்பிளைப் பார்த்த பையர் மெயில் அனுப்புகிறார். முதல் வரியில் ஒப்புதல். நான்காவது வரியில், கழுத்து ரிப்பின் அகலத்தை அரை சென்டிமீட்டர் குறைத்துத்தான் மொத்த உற்பத்திக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு கட்டிங்குக்குச் சொல்லிவிட்டால், தைத்து முடித்த பீஸ்கள் இறுதி ஆய்வில் மாட்டும்.

மறுநாள் வீடியோ கால். ஸ்பெயினிலிருந்து ஒருவர், ஹாங்காங் பையிங் ஆபீசிலிருந்து ஒருவர். இருவரின் உச்சரிப்பும் வேறு வேறு. சாயப்பட்டறையில் ஷேடு ஒத்துவரவில்லை, மறுபடி சாயமேற்ற நான்கு நாள் ஆகும் என்பதை அப்போதே விளக்கி ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டும். தயங்கிப் பேசாமல் இருந்தால், கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும். கால் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று தெளிவாக எழுதி அனுப்பியாக வேண்டும். இந்த ஒரே ஆர்டருக்குள் நான்கு திறன்களும் வந்துவிடுகின்றன. கல்லூரித் தேர்வோ பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிடுகிறது.

சந்தைகளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த மாதமே அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. ஒரு சந்தை நெருக்கினால் இன்னொன்றைத் தேடியாக வேண்டிய ஊர் இது. புதிய பையரிடம் அன்றாடம் பேசப்போவது நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த இளைஞர்தான்.

எதிர்வாதங்களும் எங்கள் பதிலும்

மெயிலை இப்போது செயலியே எழுதிவிடுகிறதே என்கிறார்கள். அது எழுதியது நாம் நினைத்ததுதானா என்று படித்துப் பார்க்க ஆங்கிலம் வேண்டும். வீடியோ காலில் எதிரே இருப்பவருக்கு உடனே பதில் சொல்லவும் வேண்டும்.

தமிழ் பின்னுக்குப் போகும் என்ற அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். தமிழ்ப் பாடத்தின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுக்கக் கூடாது. தமிழில் விளங்கிக்கொண்ட ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் நன்றாகச் சொல்ல முடியும் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறோம்.

கல்லூரியைக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் இடமாக்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. மேற்படிப்புக்கும் ஆய்வுக்கும் வேறு ஊர் வேலைக்கும் இதே திறன்கள்தான் கைகொடுக்கும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பருவத்திலும் ஆங்கில மதிப்பெண்ணில் பாதி கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இது நடக்கக்கூடியதே. அறுபது பேரை இருவர் இருவராக எட்டு நிமிடம் பேசவிட்டால் நான்கு மணி நேரத்தில் ஒரு வகுப்பு முடிந்துவிடும்.

2. வாரத்தில் ஒரு மணி நேரமாவது பதினைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பயிற்சி நடக்க வேண்டும். அதற்கேற்ப அரசு ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். இந்தக் கூடுதல் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்கள் மீது ஏற்றக் கூடாது.

3. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பயிற்சி சேர்க்கப்பட்டதை வரவேற்கிறோம். அது ஒரு பருவத்தோடு நிற்காமல் பட்டப்படிப்பு முழுவதும் தொடர வேண்டும். ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய அளவுகோலில் தாம் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் தெரிய வேண்டும்.

4. ஏற்றுமதி நிறுவனங்கள், பையர் பெயரையும் விலையையும் நீக்கிய பழைய மெயில்களையும் டெக் பேக்குகளையும் (ஆடையின் அளவு, தையல் விவரக் குறிப்புகள்) பாடப் பொருளாகத் தர வேண்டும். மாதம் ஒரு பிற்பகல் தங்கள் மெர்ச்சண்டைசர்களை வகுப்புக்கு அனுப்ப வேண்டும். நேர்காணலில் இலக்கணப் பிழையையும் உச்சரிப்பையும் காரணம் காட்டி யாரையும் தள்ளக் கூடாது. சொல்ல வந்த செய்தி சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு அடுத்த திருத்தத்திலேயே வாய்மொழித் தேர்வைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டின் ஒரு பங்கைப் பேச்சுக்கு ஒதுக்கி இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். மெயில்களும் டெக் பேக்குகளும் தேவைப்படுவோர் எங்களிடம் கேளுங்கள், தருகிறோம்.